நாவலும் திட்டமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

1970-களின் உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாய்க் கிராமம் ஒன்றைக் களமாகக் கொண்டு என் முதல் நாவலை எழுதிவருகிறேன். தொடங்கும் முன்பே 32 அத்தியாயங்களுக்கும் திட்டம் வகுத்துவிட்டேன்; அதை இணைத்திருக்கிறேன். ஏழாம் அத்தியாயத்தில், வைகாசி மாதம், மடைத் தண்ணீருக்காக அண்ணனும் தம்பியும் மோதிக்கொள்ள வேண்டும். இரண்டு மாதமாக எழுதிப் பார்க்கிறேன், இருவரும் வாயே திறப்பதில்லை. திட்டத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு மனம்போன போக்கில் எழுதச் சொல்கிறார் தோழி. அப்படிச் செய்யலாமா?

ஒரு வாசகி,
திருமங்கலம்

அன்புள்ள சகோதரிக்கு,

கிழிக்க வேண்டாம். ஆனால் உங்கள் திட்டத்தில் இருப்பவை பெரும்பாலும் மனிதர்கள் எடுக்கும் முடிவுகள்: இவன் கோபிக்கிறான், அவள் மன்னிக்கிறாள், இவர்கள் பிரிகிறார்கள். அந்த ஊரின் மாதங்கள், மழை, விதைப்பு, அறுவடை, யார் யாருக்கு என்ன முறை என்பவை அதில் இல்லை. முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டியவை இவைதான் என்பது என் அனுபவம்.

என் இரண்டாவது நாவலில், ஊரை விட்டுப் போகத் துணிந்த ஒரு பெண்ணும் அவள் விரும்பியவனும் மதுரைச் சித்திரைத் திருவிழாவில் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இரவில் தல்லாகுளத்திலிருந்து இருட்டோடு இருட்டாக வைகையைக் கடப்பதாக, எந்தக் குறிப்பும் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதினேன். எழுதும்போது கை நிற்கவே இல்லை. மறுநாள் படிக்கையில்தான் உறைத்தது. அழகர் ஆற்றில் இறங்குவது சித்திரா பௌர்ணமியில். அதற்கு முந்தைய இரவில் நிலவு ஏறக்குறைய முழுதாக இருக்கும், தெருவெல்லாம் சனம் விழித்திருக்கும். ஒளிந்துகொள்ள அவர்களுக்கு இருட்டே கிடையாது. வேறு வழியின்றி அவர்களைக் கூட்டத்துக்குள் நடக்கவிட்டேன். அங்கே நேர்த்திக்கடனுக்குத் திரி ஏந்தி வந்த அவளுடைய தாய்மாமன் எதிர்ப்பட்டார். கையில் எரியும் திரியோடு அவளை ஒரு கணம் பார்த்தவர், எதுவும் சொல்லாமல் விலகி வழிவிட்டார். அந்த மௌனத்திலிருந்துதான் நாவலின் பின்பாதி முழுவதும் வந்தது. பஞ்சாங்கம் ஒரு வழியை அடைத்திராவிட்டால் அந்த மாமன் எனக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்.

ஆனால் அப்படிக் கிடைத்தவரை அங்கேயே விட்டுவிட முடியாது. முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போய், அவர் அந்த வீட்டுக்கு யார் என்பதைச் சொல்லும் நான்கு காட்சிகளை எழுதிச் சேர்த்தேன். நம் வத்தலக்குண்டு ராஜமய்யருக்கு இந்த வசதி இருக்கவில்லை; ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது, அச்சானதைத் தொடர்கதைக்காரர் திருத்த முடியாது. சிறுகுளம் என்ற ஊரின் வம்புப் பேச்சில் அத்தனை உயிரோடு தொடங்கும் அந்த நாவல் பிற்பகுதியில் ஆன்மிகத் தேடலாகத் திரும்புவதைப் படிக்கும்போதெல்லாம், அவர் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்திருந்தால் எதையெல்லாம் ஊன்றியிருப்பார் என்று ஏங்குவேன். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இடையில் எது முளைத்தாலும் திட்டத்தை அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள்; என் திட்டத்தை நான் ஒன்பது முறை மாற்றியிருக்கிறேன்.

இனி உங்கள் ஏழாம் அத்தியாயம். வைகை அணைத் தண்ணீரைக் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய் வராத அந்தக் காலத்தில் அது வானம் பார்த்த கண்மாய். ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதற்குத் தண்ணீர். வைகாசியில் அது வெடித்துக் கிடக்கும். மடையில் திறந்துவிடத் தண்ணீரும் இல்லை, பாய்ச்சப் பயிரும் இல்லை. உங்கள் அண்ணனும் தம்பியும் வாய் திறக்காமல் நிற்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். சண்டையை மார்கழிக் கடைசிக்கு நகர்த்துங்கள். கதிர் பால்பிடிக்கிறது, இன்னும் ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும், ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சி யார் வயலுக்கு முதலில் திருப்பிவிடுகிறார் என்று இருவரும் கரையில் நின்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் வைகாசியிலேயே வைத்துக்கொண்டு, வற்றிய கண்மாய்க்குள் வண்டல் அள்ள இருவரையும் மாட்டுவண்டியோடு கொண்டுவந்து நிறுத்துங்கள். இரண்டையும் எழுதிப் பாருங்கள். அவர்களில் யார் முதலில் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்பதை மட்டும் திட்டத்தில் முன்பே குறித்து வைக்காதீர்கள்.