கார் லோன் பாக்கி: 7 ஆண்டு எந்தத் தேதியிலிருந்து?

கடனை ஒருவர் எப்படிக் கட்டினார் என்று காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில், கட்டாத கார் லோன் 7 ஆண்டு நிற்கும். இது பற்றி அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

2021 மார்ச் தவணையிலிருந்து கார் லோன் கட்ட முடியவில்லை. ஜூனில் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஆகஸ்டில் ஏலம். மீதிப் பாக்கியை 2022 நவம்பரில் கடன் வசூலிக்கும் ஒரு கலெக்‌ஷன் கம்பெனி வாங்கியிருக்கிறது. கிரெடிட் ரிப்போர்ட்டில் 2022 என்றுதான் தேதி இருக்கிறது. அப்படியானால் 2029 வரை இது போகாதா?
– டல்லாஸ் வாசகர்

2028 மார்ச் வாக்கில் போய்விட வேண்டும். வண்டியைத் தூக்கிய நாள், ஏலம் விட்ட நாள், பாக்கி கைமாறிய நாள் எதுவும் இதில் கணக்கில்லை. எந்தத் தவணை தவறி, அதன்பிறகு கணக்கு ஒருபோதும் நேராகவே இல்லையோ, அந்தத் தவணைதான் தொடக்கம். உங்களுக்கு அது 2021 மார்ச்.

ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டம் அந்தத் தேதியிலிருந்து 180 நாள் கழித்து 7 ஆண்டு எண்ணச் சொல்கிறது. அதன்படி சட்டம் தரும் கடைசி எல்லை 2028 செப்டம்பர். ஆனால் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்று ரிப்போர்ட் தயாரிக்கும் கிரெடிட் பீரோக்கள் மூன்றுமே அந்த 180 நாளைச் சேர்க்காமல், முதல் தவறிய தேதியிலிருந்து நேராக 7 ஆண்டில் எடுத்துவிடுவதுதான் வழக்கம். தவணை தேதி தாண்டி 30 நாள் ஆன பிறகே ‘லேட்’ என்று பதிவாகும் என்பதால் ஒரு மாதம் முன்பின் இருக்கலாம்.

நீங்கள் பார்த்த 2022, கலெக்‌ஷன் கம்பெனி தன் கணக்கைத் திறந்த தேதி. அது அங்கே இருப்பது தப்பில்லை. பார்க்க வேண்டியது வேறு இடம். ஈக்விஃபாக்ஸ் ரிப்போர்ட்டில் ‘டேட் ஆஃப் ஃபர்ஸ்ட் டெலின்க்வென்சி’ (தவணை முதலில் தவறிய தேதி) என்ற கட்டம். எக்ஸ்பீரியனில் ‘ஆன் ரெக்கார்ட் அன்டில்’ (எதுவரை பதிவில் இருக்கும்). டிரான்ஸ்யூனியனில் இந்தப் பதிவு நீக்கப்படும் உத்தேச மாதமும் ஆண்டும். லோன் கொடுத்தவரின் பதிவு, கலெக்‌ஷன் பதிவு இரண்டிலும் அந்தத் தேதி ஒன்றாக இருக்க வேண்டும். கலெக்‌ஷன் பதிவில் மட்டும் 2029 என்று இருந்தால் தேதியை நகர்த்தியிருக்கிறார்கள் என்று பொருள். அது சட்டவிரோதம்.

இன்னொன்றும் பாருங்கள். பாக்கியை விற்ற பிறகு பழைய லோன் கம்பெனியின் பதிவில் பாக்கித் தொகை பூஜ்யம் என்று இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் அதே பாக்கி நின்றால் ஒரே கடன் இரண்டாகத் தெரியும். இந்தத் தப்பு சர்வ சாதாரணம்.

ஜனவரித் தவணை தவறியது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் மாதத்துக்கு ஒரு தவணை கட்டினேன். மே முதல் முடியவில்லை. தொடக்கம் ஜனவரியா, மே மாதமா?
– நியூ ஜெர்சி வாசகர்

ஜனவரி. நீங்கள் பிப்ரவரியில் கட்டிய பணத்தைப் பொதுவாக ஜனவரிப் பாக்கிக்குத்தான் வரவு வைப்பார்கள். அப்போது பிப்ரவரித் தவணை நிற்கும். அடுத்த மாதம் கட்டியது அதற்குப் போகும். இப்படி ஒரு மாதப் பாக்கி கூடவே உருண்டு வந்திருக்கிறது. கணக்கு ஒரு நாள்கூட நேராகவில்லை. நடுவில் ஏதாவது ஒரு மாதம் இரண்டு தவணையாகக் கட்டிச் சரிசெய்திருந்தால் மே என்பது சரி.

இந்த நான்கு மாத வித்தியாசம் உங்களுக்குச் சாதகம். லோன் கம்பெனியிடம் முழு வரவு அறிக்கையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மூடிப் பல ஆண்டு ஆன பின் அது கிடைப்பது கஷ்டம்.

அவர்கள் தூக்குவதற்கு முன் நானே வண்டியை ஒப்படைத்துவிட்டால் ரிப்போர்ட்டில் வராதா?
– அட்லாண்டா வாசகர்

வரும். ‘வாலண்டரி சரண்டர்’ என்று வரும், அதே 7 ஆண்டு. கிரெடிட் ஸ்கோரில் (ரிப்போர்ட்டை வைத்துப் போடும் மதிப்பெண்) பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். லாபம் வேறு இடத்தில்: இழுத்துச் செல்லும் செலவு உங்கள் தலையில் விழாது, வண்டிக்குள் இருக்கும் பொருள்களை நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். கொடுக்கும்போது ஓடிய மைலும் வண்டியின் நிலையும் தெரியும்படி படம் எடுத்து, கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள்.

ஏலத்துக்குப் பிறகு 6,400 டாலர் கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. கட்டிவிட்டால் பதிவு போய்விடுமா?
– சிகாகோ வாசகர்

போகாது. ‘பாக்கி தீர்ந்தது’ என்று மாறும். நீக்கும் தேதி மாறாது. அதனால் பயனில்லை என்று சொல்லவில்லை. வழக்கு வரும் அபாயம் நீங்கும், அடுத்த லோன் கொடுப்பவர் பார்க்கும் பார்வை மாறும். ஃபைகோ 9, ஃபைகோ 10, வான்டேஜ் 3.0, 4.0 ஆகிய ஸ்கோர் கணக்கிடும் முறைகள் தீர்த்துவிட்ட கலெக்‌ஷன் பதிவைக் கணக்கில் எடுப்பதில்லை. இன்னும் பலர் பயன்படுத்தும் ஃபைகோ 8 எடுக்கிறது. லோன் கம்பெனியின் பறிமுதல் பதிவு எல்லாவற்றிலும் நிற்கும்.

கட்டுவதற்கு முன் கணக்கைக் கேளுங்கள். லோன் பாக்கி 14,000, ஏலத்தில் போனது 8,500, செலவு 900 என்றால் மீதி 6,400 சரி. விற்பதற்கு முன் உங்களுக்கு நோட்டீஸ் வந்ததா, விற்பனை வணிக முறைப்படி நியாயமாக நடந்ததா என்பது முக்கியம். இல்லையென்றால் பல மாநிலங்களில் இந்த மீதியைக் குறைக்கவோ முழுவதுமாகத் தள்ளவோ வாதாடலாம். பாக்கியைவிட அதிக விலைக்குப் போயிருந்தால் மிச்சப் பணம் உங்களுடையது.

பேரம் பேசிக் குறைத்துத் தீர்த்தால் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிய பிறகே பணம் அனுப்புங்கள். தள்ளுபடி 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் தள்ளுபடியான கடனைக் காட்டும் 1099-சி வரிப் படிவம் வரலாம். அது வருமானமாகக் கணக்காகும். அந்த நேரத்தில் உங்கள் கடன் சொத்தைவிட அதிகமாக இருந்திருந்தால் 982 படிவம் போட்டு விலக்குக் கேட்கலாம்.

வழக்குப் போடும் காலக்கெடு தனி. கார் விற்பனை ஒப்பந்தத்துக்குப் பல மாநிலங்களில் 4 ஆண்டு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பழைய பாக்கிக்கு ‘சும்மா 50 டாலர் போடுங்கள்’ என்று கலெக்‌ஷன்காரர் கெஞ்சினால் காரணம் இதுதான்: பல இடங்களில் அந்த 50 டாலர் வழக்குக் கெடுவைப் புதிதாகத் தொடங்கிவைக்கும். ரிப்போர்ட்டின் 7 ஆண்டை அது தொடாது.

தம்பி லோனுக்கு கோ-சைன் (பிணைக் கையெழுத்து) போட்டேன். அவன் கட்டவில்லை. எனக்கும் 7 ஆண்டா?
– சான் ஹோசே வாசகர்

ஆம், அதே தேதி, அதே 7 ஆண்டு. பாக்கியும் உங்களிடம் கேட்பார்கள்.

தேதி தப்பாக இருந்தால் எப்படித் திருத்துவது?
– பல வாசகர்கள்

ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று ரிப்போர்ட்டையும் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். மூன்றையும் எடுங்கள்; ஒன்றில் சரியாகவும் மற்றதில் தப்பாகவும் இருக்கலாம்.

புகாரை முதலில் கிரெடிட் பீரோவுக்கே அனுப்புங்கள். லோன் கம்பெனிக்கு மட்டும் எழுதினால், அவர்கள் சரியாக விசாரிக்காதபோது அதற்காக வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு வராது. ‘இது என் கணக்கே இல்லை’ என்று எழுதாதீர்கள். கணக்கு உங்களுடையதுதான் என்று சரிபார்த்து அப்படியே திருப்பிவிடுவார்கள். ‘தவணை முதலில் தவறிய தேதி 2021 மார்ச், நீங்கள் காட்டுவது 2022 நவம்பர்’ என்று ஒரே விஷயத்தை எழுதி, வரவு அறிக்கையின் நகலையும், பழைய தேதி உள்ள முந்தைய ரிப்போர்ட் இருந்தால் அதன் நகலையும் வையுங்கள். சர்ட்டிஃபைட் தபாலில், ஒப்புகை அட்டையோடு.

அவர்களுக்கு 30 நாள். இலவச ரிப்போர்ட்டைப் பார்த்துப் புகார் செய்திருந்தாலோ, நடுவில் நீங்கள் கூடுதல் ஆவணம் அனுப்பினாலோ 45 நாள். காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்து தருவதாகச் சொல்பவர்கள் உங்களால் முடியாத எதையும் செய்வதில்லை. வேலை முடியும் முன்பே கட்டணம் கேட்பதற்குச் சட்டத்தில் தடையும் இருக்கிறது.

நீக்கிய பதிவு மறுபடி முளைப்பது உண்டு. மீண்டும் சேர்த்தால் 5 வேலை நாளுக்குள் உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல் பதிவு திரும்பி வந்திருந்தால், அதையே சொல்லி, நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான சிஎஃப்பிபி-யில் புகார் கொடுங்கள்.