பதில்: இரண்டு பகடையில் கூட்டுத்தொகை 11 விதம்தானே, ஏன் 1/11 இல்லை?

2 முதல் 12 வரை 11 விடைகள், ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/11 வாய்ப்பு என்று உங்கள் மகள் சொன்னது யாருக்கும் தோன்றுவதுதான். லைப்னிட்ஸ் என்ற கணித மேதையே 11-க்கும் 12-க்கும் சம வாய்ப்பு என்று நினைத்தவர்.

இரண்டு பகடையும் ஒரே நிறத்தில் இருப்பதால் வரும் குழப்பம் இது. ஒன்றில் சிவப்பு மை தடவிவிடுங்கள். சிவப்பில் 5 வெள்ளையில் 6, சிவப்பில் 6 வெள்ளையில் 5 என்று 11-க்கு இரண்டு வழி இருப்பது தெரியும். 12-க்கு ஒரே வழிதான். சம வாய்ப்பு இப்படி வரும் 6 × 6 = 36 ஜோடிகளுக்கே, கூட்டுத்தொகைகளுக்கு அல்ல. ஆறுக்கு ஆறு கட்டம் போட்டு அவளையே நிரப்பச் சொல்லுங்கள். 7 மட்டும் மூலைக்கு மூலை ஆறு கட்டங்களில் வரிசையாக வந்து நிற்கும்; அதைத் தானே கண்டுபிடிக்கும் சந்தோஷத்தை அவளுக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம், 36 முறை உருட்டியும் 7 நான்கு தடவைதான் வந்தது என்றீர்கள். கணக்கில் தப்பில்லை. 36 உருட்டலில் 7 ஆறு தடவை வரும் என்பது சராசரி. நான்கு தடவை வருவதும் எட்டு தடவை வருவதும் சகஜம். 300 தடவை உருட்டிப் பட்டை வரைபடம் போடட்டும், நடுவில் மேடு தெளிவாகத் தெரியும்.