பாதியில நிக்கிற ரெக்கார்டிங்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கேபிள்காரர் குடுத்த எச்டி பாக்ஸ்ல பென்டிரைவ் சொருகினா ரெக்கார்ட் ஆகும்னு சொன்னாங்க. எங்க அத்தைக்கு ராத்திரி எட்டரைக்கே கண்ணு சொக்கிடும், அதனால ஒன்பது மணி சீரியலை ரெக்கார்ட் போட்டு மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டு விடுவேன். இப்ப ஒரு நாள் முழுசா இருக்கு, ஒரு நாள் பாதி இருக்கு, ஒரு நாள் ஒண்ணுமே இல்ல. கேட்டா பென்டிரைவை மாத்துங்கன்றார், மாத்தியும் அதே கதைதான். வேற ரெக்கார்டிங் பாக்ஸ் வாங்கலாமா, இல்ல டிடிஎச்சுக்கே போயிடலாமா? அத்தைக்கு போன்ல பாக்கத் தெரியாது.
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேற ரெக்கார்டிங் பாக்ஸுக்கு காசு போடாதீங்கம்மா, அதை முதல்லயே சொல்லிடறேன். நீங்க பதிவு பண்றது சீரியல், அது ஒளிபரப்பாகுற அன்னிக்கே அந்தந்த சேனலோட ஆப்ல வந்துடுது. சன் டிவி சீரியல்னா சன் நெக்ஸ்ட், விஜய் டிவின்னா ஜியோஹாட்ஸ்டார் (முன்னாடி ஹாட்ஸ்டார்னு இருந்ததுதான், 2025 பிப்ரவரில ஜியோசினிமாவோட சேத்து பேரை மாத்திட்டாங்க), ஜீ தமிழ்னா ஜீ5. அத்தை எந்த சேனல் பாக்குறாங்களோ அந்த ஒரு ஆப் போதும், மூணுக்கும் சந்தா கட்ட வேண்டாம்.

போன் தெரியலன்னா பரவால்ல, இது டிவிலயே ஓடும். உங்க டிவி ஸ்மார்ட் டிவியா இருந்தா ஆப் அதுலயே ஏறிடும், இல்லன்னா எச்டிஎம்ஐ ஓட்டைல சொருகுற ஃபயர் ஸ்டிக் மாதிரி ஒண்ணு வாங்கிக்கங்க. பெரியவங்களுக்கு கஷ்டம் எங்கன்னா, ஆப்பை தொறந்து தேடித் தேடி சீரியலைக் கண்டுபிடிக்கிறதுதான். முதல் ஒரு வாரம் நீங்களே போட்டு விடுங்க, அப்புறம் அந்த ஆப்பை தொறந்தாலே கடைசியா பாத்த சீரியல் மேல வந்து நிக்கும், ஓகே பட்டனை அமுக்கினா போதும். ரிமோட்ல மைக் பட்டன் இருந்தா சீரியல் பேரை சொன்னாலே பெரும்பாலும் வந்துடும், அத்தைக்கு அது ரொம்ப சுலபமா இருக்கும். ரிமோட்ல வால்யூம், ஓகே, பேக், மைக் இந்த நாலு பட்டன் பக்கத்துல நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வச்சி விடுங்க. மத்த பட்டனை தொட வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா பயம் போயிடும்.

வீட்டுல வைஃபை இல்லன்னா உங்க போன் ஹாட்ஸ்பாட்லயே ஓட்டலாம், சுமாரான தரத்துல ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி பக்கத்துல ஆகும், அரை மணி சீரியல்னா தினம் வர்ற டேட்டாவுலயே அடங்கிடும். ஆனா முழு எச்டில வச்சா 3 ஜிபி வரைக்கும் இழுக்கும், அதனால ஆப்ல தரத்தை நீங்களே கொறச்சி வச்சிடுங்க.

ஆனாலும் இருக்கிற பாக்ஸை தூக்கிப் போடறதுக்கு முன்னாடி எதனால நிக்குதுன்னு பாத்துடலாம், ஏன்னா பாதி நேரம் கோளாறு பாக்ஸ்ல இருக்காது. எச்டி சேனல் ஒரு மணி நேரத்துக்கு 3, 4 ஜிபி வரைக்கும் எடுக்கும். எப்பவுமே ஒரு மணி நேரம் தாண்டினதும் அதே இடத்துல நின்னுச்சுன்னா பென்டிரைவ் ஃபேட்32 முறையில ஃபார்மேட் ஆகியிருக்கும், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது. கம்ப்யூட்டர்ல ஃபார்மேட் பண்ணாம பாக்ஸோட மெனுவுலயே ஃபார்மேட் பண்ணுங்க. கொஞ்ச நாள் நல்லா பதிவாகி அப்புறம் எல்லாம் காலியா, கருப்பா வந்தா பென்டிரைவே போலி. மேல 128 ஜிபின்னு போட்டிருக்கும், உள்ள எட்டோ பதினாறோதான் இருக்கும், ரோட்டோரம் மலிவா கிடைக்குதுன்னு வாங்கினா இந்தத் தொல்லை வரும். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, படிக்கிற பசங்க யாராவது இருந்தா அதுல போட்டுப் பாக்கச் சொல்லுங்க, உண்மை தெரிஞ்சிடும். பென்டிரைவுக்கு பதிலா ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தா விஷயம் வேற, சாதாரண யுஎஸ்பி போர்ட் 500 மில்லி ஆம்பியர்தான் குடுக்கும், டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போது அதை விட கூட கேக்கும், பாக்ஸ் அப்படியே டிஸ்க்கை விட்டுடும். தனி அடாப்டர் இருக்கிற டிஸ்க்தான் அதுக்கு சரி.

இன்னொண்ணு, நம்ம பக்கம் கரண்ட் போயிட்டு வர்றது. ஒரு செகண்ட் போயிட்டு வந்தாலும் பாக்ஸ் ரீஸ்டார்ட் ஆகும், ஆனதும் பல பாக்ஸ் விட்ட ரெக்கார்டிங்கை திரும்ப ஆரம்பிக்காது. அடாப்டர்ல 12 வோல்ட்னு இருந்தா ரவுட்டருக்கு விக்கிற மினி யுபிஎஸ்ஸே போதும், எத்தனை ஆம்பியர்னு மட்டும் பாத்து வாங்குங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், தெருவுல கேபிள்காரர் வச்சிருக்கிற ஆம்ப்ளிஃபையருக்கு (சிக்னலை பெருக்கி அனுப்புற பெட்டி) பேக்கப் இல்லன்னா உங்க வீட்டுல இன்வெர்ட்டரே இருந்தாலும் சிக்னல் வராது, ரெக்கார்டிங் காலியாத்தான் இருக்கும். அவர்கிட்ட பென்டிரைவைப் பத்தி பேசாம இதைக் கேளுங்க. கடல் காத்துல கனெக்டர் பச்சை பூத்திருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க, ரெண்டு டிவிக்கு ஸ்ப்ளிட்டர் போட்டிருந்தா ஒவ்வொண்ணுக்கும் பாதி சிக்னல்தான் போகும், படம் கட்டம் கட்டமா உடையறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

டிடிஎச்ல ரெக்கார்டிங் ரொம்ப நாளா இருக்கு, டாடா ஸ்கை (இப்ப டாடா ப்ளே) 2008லயே உள்ளயே ஹார்ட் டிஸ்க் வச்ச பாக்ஸ் கொண்டு வந்தாங்க. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில டிஷ் சிக்னல் போறது நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும், அதுவும் 2024 நவம்பர் 30ந்தேதி ஃபெஞ்சல் புயல் கரையேறின ராத்திரி மாதிரி அடிச்சா கேபிள், டிஷ், நெட் எதுவும் நிக்காது. மறுநாள் நெட் வந்ததும் விட்டுப்போன எபிசோட் ஆப்ல இருக்கும், பாக்ஸ்ல இருக்காது, நான் ஆப் பக்கம் நிக்கிறதுக்கு இது பெரிய காரணம். செலவு கூடுதேன்னு நினைச்சா கேபிள் பேக்கை கொறைங்க, 2019 பிப்ரவரி 1லேர்ந்து வேணுங்கிற சேனலை மட்டும் தனித்தனியா எடுக்குற உரிமை நமக்கு இருக்கு, யாரும் பாக்காத பேக்கை கழட்டச் சொல்லுங்க.

கேள்வி: பேத்தி நாட்டியம் ஆடினது டிவில வந்துச்சு, பாக்ஸ்ல ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்கேன். இப்ப கனெக்ஷனை மாத்தப் போறேன், பாக்ஸை திருப்பிக் குடுக்கணும். ஹார்ட் டிஸ்க்கை கம்ப்யூட்டர்ல மாட்டினா ஃபைல் தெரியுது, ஓட மாட்டேங்குது. எப்படி எடுக்கிறது?
ஓய்வு பெற்ற ஆசிரியர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஐயா, தயவுசெஞ்சு பாக்ஸை இப்ப குடுத்துடாதீங்க, கனெக்ஷனையும் கட் பண்ணாதீங்க. அந்தப் பதிவு பூட்டு போட்டு எழுதப்பட்டிருக்கு, சாவி அந்த பாக்ஸுக்குள்ளயேதான் இருக்கு, அதே மாடல் வேற பாக்ஸ்ல மாட்டினா கூட ஓடாது. பல பாக்ஸ்ல சந்தா முடிஞ்சிட்டாலே பழைய ரெக்கார்டிங்கும் ஓடாது. பேத்தியோட நாட்டியம் திரும்ப ஒளிபரப்பாகுமோ ஆகாதோ, அதனால மத்த வேலையெல்லாம் ஒரு வாரம் தள்ளிப் போட்டாலும் பரவால்ல, இதை முதல்ல முடிங்க.

எச்டிஎம்ஐ வயர்ல எடுக்க முடியாது, அதுல எச்டிசிபின்னு ஒரு காப்பு இருக்கு, பதிவு பண்ற கருவிக்கு கருப்புத் திரைதான் வரும். பாக்ஸ் பின்னாடி மஞ்சள், வெள்ளை, சிவப்புன்னு மூணு ஓட்டை, இல்லன்னா ஏவின்னு போட்ட ஒரு சின்ன ஓட்டை இருக்கான்னு பாருங்க. இருந்தா யுஎஸ்பி வீடியோ கேப்சர் ஸ்டிக்னு கம்ப்யூட்டர் கடைல கேளுங்க, படத்துக்கு மஞ்சள், சத்தத்துக்கு வெள்ளை, சிவப்புன்னு மூணையும் அதுல சொருகி, ஓபிஎஸ்ங்கிற இலவச சாஃப்ட்வேர்ல பதிவு பண்ணலாம். எச்டி தெளிவு வராது, பழைய டிவிடி தரம் வரும். அரை மணி நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் ஓட விட்டுத்தான் ஆகணும்.

அந்த ஓட்டை இல்லன்னாலும் மனசு விட்டுடாதீங்க. ரூம் லைட்டை அணைச்சிட்டு ஸ்டாண்டுல போனை நேரா நிறுத்தி டிவி திரையையே வீடியோ எடுங்க, வெளிச் சத்தம் சேராம இருக்க ஜன்னலை சாத்திடுங்க. இப்ப வர்ற போன்ல கேக்கறதுக்கும் பாக்கறதுக்கும் நல்லாவே வரும். எந்த சேனல், எந்த தேதி, எத்தனை மணின்னு எழுதி வச்சிக்கிட்டு அந்த சேனலுக்கு ஒரு கடிதமும் போடுங்க. தூர்தர்ஷன்னா முதல்ல யூடியூப்ல தேடுங்க, டிடி தமிழ் (2024 ஜனவரி வரைக்கும் பொதிகை) நிறைய நிகழ்ச்சிகளை அங்கயே போடறாங்க. எடுத்த வீடியோவை குடும்பத்துக்குள்ள வச்சிப் பாக்கறதுல தப்பில்ல, ஆனா யூடியூப்ல ஏத்தணும்னா சேனல்கிட்ட அனுமதி கேட்டுக்கங்க. ரெண்டு இடத்துல காப்பி வைங்க, ஒண்ணு பேத்தி வீட்டுல இருக்கட்டும்.

கேள்வி: வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்டினா எல்லா சேனலும், கூடவே ஏழு நாள் ரெக்கார்டிங்கும் வருதுன்னு ஒரு பாக்ஸ் விக்கிறாங்க. வாங்கலாமா?
வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம் தம்பி. எந்த சேனலுக்கும் காசு கட்டாம திருட்டுத்தனமா குடுக்குற சர்வீஸ் அது. ஒரு நாள் காலைல மொத்தமா நின்னு போகும், கட்டின பணத்துக்கு ரசீது கிடையாது, யார்கிட்டயும் போய் கேக்க முடியாது. அந்த பாக்ஸ்ல உங்க ஜிமெயில் பாஸ்வேர்டும் போட்டுத்தான் ஆரம்பிப்பீங்க, அது எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியாது. அதே பணத்துல முறையான ஆப் ஒண்ணுக்கு வருஷ சந்தா கட்டுங்க.

கேள்வி: எங்க தெருவுல நெட் சரியா வராது. ரெக்கார்டிங்கும் வேணும், மாசா மாசம் காசும் கட்ட முடியாது. வழி இருக்கா?
வாசகி, அரியாங்குப்பம்

பதில்: இருக்கும்மா. டிடி ஃப்ரீ டிஷ் போடுங்க, டிஷ்ஷுக்கும் பாக்ஸுக்கும் ஒரு தடவை செலவு, அதுக்கப்புறம் மாசக் கட்டணமே இல்ல. பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்4னும் (படத்தை சுருக்கி அனுப்புற புது முறை) யுஎஸ்பி ரெக்கார்டிங்னும் ரெண்டும் சொல்லிக் கேளுங்க, எம்பெக்2 மட்டும் எடுக்குற பழைய பாக்ஸை தள்ளி விடப் பாப்பாங்க, அதுல சில சேனல் வராது. இலவச சேனல்னால இந்த மாதிரி பாக்ஸ்ல பதிவுக்கு பெரும்பாலும் பூட்டு கிடையாது, பென்டிரைவை கழட்டி கம்ப்யூட்டர்ல போட்டாலும் ஓடும், மேல ஐயாவுக்கு வந்த சங்கடம் உங்களுக்கு வராது.

சன் டிவி, விஜய் டிவி இதுல வராது, அதை தெரிஞ்சிக்கிட்டு வாங்குங்க. டிடி தமிழ், செய்தி, பக்தி, படிக்கிற பிள்ளைங்களுக்கு பாட சேனல்கள் இதெல்லாம் வரும். டிஷ்ஷை 93.5 டிகிரி கிழக்குல இருக்கிற ஜிசாட் 15க்கு திருப்பணும், மாட்ட வர்றவர்கிட்ட அதை சொல்லுங்க. தென்னை மரம் மறைக்காத இடமா பாத்து, சுவத்துல நாலு போல்ட்டும் போட்டு இறுக்கச் சொல்லுங்க, ரெண்டு போல்ட்டோட விட்டுட்டுப் போயிட்டா முதல் புயல் காத்துலயே டிஷ் திரும்பிடும். பதிவு போடும்போது நிகழ்ச்சி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஆரம்பிச்சு பத்து நிமிஷம் பின்னாடி முடியற மாதிரி வைங்க, அந்த நேரத்துல அந்த பாக்ஸ்ல வேற சேனல் பாக்க முடியாதுங்கிறதையும் வீட்டுல சொல்லி வைங்க.