சென்னைப் பாடகி வருகிறார் என்று போஸ்டர் அடிக்கும் முன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் தமிழ் மாணவர்கள் நாங்கள். செப்டம்பர் 24, பாரம்பரிய தின விடுமுறையன்று இசை இரவு நடத்தப்போகிறோம். சென்னையிலிருந்து ஒரு பாடகியும் நான்கு வாத்தியக்காரர்களும் வருவதாகப் பேச்சு. டிக்கெட் 150 ரேண்ட், 900 பேர் வருவார்கள் என்று நினைக்கிறோம். ஏஜென்ட் மொத்தக் குழுவுக்கும் 80,000 ரேண்ட் 'நெட்டாக' வேண்டும் என்கிறார். பாதியை இந்த வாரமே தன் சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார். மாணவர் நிகழ்ச்சிதானே, டூரிஸ்ட் விசா போதும், வரியும் கிடையாது என்கிறார். கட்டலாமா ஐயா?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. அவர் சொன்ன இரண்டுமே தவறு. விசா விஷயத்திலும் வரி விஷயத்திலும் தவறாகச் சொல்கிறவர் கையில் 40,000 ரேண்டைக் கொடுத்துவிட்டால், பிறகு கேள்வி கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

முதலில் விசா. காசு வாங்கிக்கொண்டு மேடை ஏறுவது வேலை. மாணவர் நிகழ்ச்சி, கோயில் நிகழ்ச்சி, தர்ம நிகழ்ச்சி என்று எந்தப் பெயர் வைத்தாலும் வேலைதான். 2002-ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தில் 11(2) பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் முடியும் வேலைக்கு, வருகை விசாவிலேயே அனுமதி சேர்த்துத் தருவதற்கான பிரிவு அது. உங்கள் கலைஞர்களுக்கு வேண்டியது அதுதான். ஐந்து பேருக்கும் தனித்தனியாக வேண்டும். பாடகிக்கு மட்டும் எடுத்துவிட்டு மிருதங்கக்காரரைச் சுற்றுலாப் பயணியாகக் கூட்டிவரும் வேலை வேண்டாம். விண்ணப்பத்தோடு பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சிட்ட தாளில் அழைப்புக் கடிதம், நிகழ்ச்சி நடக்கும் நாளும் இடமும், ஒப்பந்தத்தின் நகல், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் எல்லாம் போக வேண்டும். விசா கைக்கு வந்ததும் அந்த ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'நிபந்தனைகள்' என்ற வரியில் நிகழ்ச்சி நடத்த அனுமதி இருக்கிறதா என்று நீங்களே படியுங்கள். வரி காலியாக இருந்தாலோ, சுற்றுலா என்று இருந்தாலோ அந்த விசா உங்களுக்கு உதவாது. அனுமதியில்லாதவருக்குத் தெரிந்தே வேலை கொடுத்தால் கொடுத்தவர் மீதும் குற்றம் வரும். அந்த இடத்தில் ஏஜென்ட் பெயர் இருக்காது, உங்கள் குழுவின் பெயர்தான் இருக்கும்.

இரண்டு பாட்டு பாடிவிட்டு மூன்றாம் நாள் ஊர் திரும்புகிறவரிடம் ஒரு கட்டுக் காகிதம் கேட்டு, பதிலுக்கு வாரக்கணக்கில் காக்கவைக்கும் முறை இது. ஆகவே குறைந்தது பத்து வாரம் முன்னதாக விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள்.

இனி வரி. வெளிநாட்டுக் கலைஞர் இங்கே பாடி வாங்கும் தொகையில் 15 சதவீதம் வருமான வரித்துறையான சார்ஸுக்குப் போக வேண்டும். பிடித்தம் செய்யும் பொறுப்பு பணம் கொடுக்கும் உள்நாட்டவருடையது. பிடிக்கத் தவறினால் அதைத் தன் கையிலிருந்தே கட்ட வேண்டியிருக்கும். 'நெட்' என்ற சொல்லில்தான் பொறி இருக்கிறது. ஒப்பந்தத்தில் '80,000 ரேண்ட், வரி உட்பட' என்று இருந்தால் 12,000 சார்ஸுக்கு, 68,000 கலைஞர்களுக்கு. '80,000 நெட்' என்று இருந்தால், 15 சதவீதம் போன பிறகு 80,000 நிற்க வேண்டும். அதாவது 80,000-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 94,118 ரேண்ட். அதில் வரி 14,118. ஒரே ஒரு சொல்லுக்காக உங்கள் செலவு 14,118 ரேண்ட் ஏறுகிறது.

அட்வான்ஸுக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மே மாதம் 40,000 கொடுத்தால் அதிலேயே 6,000-ஐப் பிடித்து ஜூன் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும். செப்டம்பரில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. இன்னொன்று, ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாளுக்குள் இப்படி ஒரு நிகழ்ச்சி நடக்கப்போகிறது என்று ஏற்பாட்டாளர் சார்ஸுக்குத் தெரிவிக்க வேண்டும். மாணவர் குழுவின் பெயரில் இதையெல்லாம் செய்வது சிரமம். பல்கலைக்கழக நிதிப் பிரிவு வழியாகவே பணம் போகட்டும். முடியாது என்று அவர்கள் சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் கணக்கையும் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 900 டிக்கெட்டும் விற்றால் 1,35,000 ரேண்ட். 94,118 போனால் மிச்சம் 40,882. ஐந்து பேருக்குச் சென்னை–டர்பன் போகவர விமான டிக்கெட்டுக்கே அது போதாது. அதற்கு மேல் சவுண்ட், லைட், ஹோட்டல். விமானச் செலவு 80,000-க்குள் அடக்கமா என்று ஏஜென்ட்டிடம் கேட்டீர்களா? கேட்காமலிருந்தால் இன்றே கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு பிறகு நிற்காது.

அட்வான்ஸே கொடுக்கக்கூடாது என்று சொல்லவில்லை. கலைஞர் தேதி ஒதுக்குகிறார், அதற்கு ஒரு தொகை கேட்பது நியாயம். கொடுக்கும் வழிதான் முக்கியம். ஒப்பந்தம் பாடகியின் பெயரில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஏஜென்ட்டுக்கு அவர் சார்பில் பேச அதிகாரம் உண்டு என்ற கடிதமும் வேண்டும். பாடகியோடு ஐந்து நிமிடம் வீடியோ அழைப்பில் பேசித் தேதியை அவர் வாயால் கேளுங்கள். ஒரே தேதியை மூன்று ஊருக்கு விற்று, எந்த ஊர் முதலில் பணம் போடுகிறதோ அங்கே கூட்டிப்போகிற ஆட்கள் இருக்கிறார்கள். மற்ற இரண்டு ஊருக்கும் 'விசா கிடைக்கவில்லை' என்று ஒரு வரி வரும், பணம் வராது. ஆகவே அட்வான்ஸை ஒரு வழக்கறிஞரின் டிரஸ்ட் கணக்கில், அதாவது பிறர் பணத்தை அவர் தனியாக வைத்திருக்கும் கணக்கில் போடுங்கள். வேலை அனுமதியோடு விசா வந்த பிறகே விடுவிக்க வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த வழக்கறிஞரிடம் இந்த ஆண்டுக்கான ஃபிடலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (இப்படிப் பிறர் பணத்தை வைத்திருக்க அவருக்கு வேண்டிய சான்று) இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் இதை மறுத்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 900 பேர்தானே, பெரிய நிகழ்ச்சிச் சட்டம் நமக்கில்லை என்று நினைப்பீர்கள். 2010-ஆம் ஆண்டின் விளையாட்டு, கேளிக்கை நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம் எத்தனை டிக்கெட் விற்றீர்கள் என்று பார்ப்பதில்லை, இடம் எத்தனை பேரைக் கொள்ளும் என்று பார்க்கிறது. நகராட்சிச் சான்றிதழில் 2,000 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால், நீங்கள் 300 பேரை வைத்து நடத்தினாலும் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். போலீசிடம் அபாய மதிப்பீடு வாங்க வேண்டும். 1,200 பேர் கொள்ளும் மண்டபத்தில் 1,150 பேரை நிரப்பினால் இந்தச் சட்டத்துக்குள் வர மாட்டீர்கள். எனவே 'மைதானத்தில் காற்றோட்டமாக இருக்கும்' என்று யாராவது சொன்னால் முதலில் சான்றிதழைக் கேளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானத்தில் 2001-இல் 43 பேர் நெரிசலில் இறந்த பிறகு வந்த சட்டம் இது.

சட்டத்துக்கு வெளியே இருந்தால் பொறுப்பு இல்லை என்று அர்த்தமில்லை. 2000 மார்ச் 24 அன்று டர்பனின் சாட்ஸ்வர்த்தில், த்ராப் என்ற இரவு கிளப்பில் கண்ணீர்ப்புகைக் குண்டு வெடித்து, நெரிசலில் 13 பிள்ளைகள் இறந்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள், பள்ளி விடுமுறையைக் கொண்டாடப் போனவர்கள். கதவு திறக்கும் முன் ஒவ்வொரு வெளியேறும் வழியையும் ஒருவர் கையால் தள்ளித் திறந்து பார்க்க வேண்டும். சங்கிலியோ, முன்னால் அடுக்கிய நாற்காலியோ இருந்தால் அதை எடுத்த பிறகே ஆட்களை உள்ளே விடுங்கள். மின்சாரம் போனால் மண்டப ஜெனரேட்டர் மேடைக்கு மட்டுமா, வெளியேறும் வழி விளக்குக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

பாட்டு உரிமத்தில் இரண்டு அமைப்பு. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமைக்குச் சாம்ரோ. பதிவு செய்த இசையை ஒலிக்கவிட்டால் சாம்ப்ரா. வாத்தியத்தோடு மட்டும் பாடினால் முதலாவது போதும். இடையில் ஒரே ஒரு பாட்டுக்கு மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத பதிவிசை) போட்டாலும், இடைவேளையில் சினிமாப் பாட்டு ஓடவிட்டாலும் இரண்டாவதும் வேண்டும். ஒரே பாட்டுக்கு இரண்டு வாசலில் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டால் நியாயமான பதில் யாரிடமும் இல்லை. பல்கலைக்கழகம் ஏற்கெனவே உரிமம் வைத்திருக்கலாம். டிக்கெட் விற்கும் நிகழ்ச்சிக்கும் அது செல்லுமா என்று கேளுங்கள்.

விமான டிக்கெட் போடும்போது துபாய் வழியைப் பாருங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக வந்து, அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே அது செல்லும். சென்னை திரும்பும்போதும் கேட்கலாம்.

ஏஜென்ட்டுக்கு இன்றே இதை அனுப்புங்கள்: 'ஐந்து பேருக்கும் 11(2) அனுமதியோடு விசா, பாடகியின் கையெழுத்தில் ஒப்பந்தம், தொகை வரி உட்பட, அட்வான்ஸ் வழக்கறிஞர் கணக்கில். சம்மதமா?' வெள்ளிக்கிழமைக்குள் 'சம்மதம்' என்று எழுத்தில் வராவிட்டால் டர்பனிலேயே பாடுகிறவர்களை அழையுங்கள்; விசாவும் இந்த 15 சதவீதமும் இல்லாமல் அதே மேடையில் அதே இரவு நடக்கும்.