சிவிலைசேஷன் 6: முதல் ஆட்டத்திற்கு எந்த வரைபடம்? (கேள்வி பதில்)

கேள்வி: நகரங்களை அமைத்து ஒரு நாட்டை வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6-ஐ இப்போதுதான் வாங்கினேன். ஆட்டம் தொடங்கும் முன் வரும் தேர்வுகளைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. எந்த வரைபடத்தை எடுப்பது?

பதில்: பேஞ்சியாவை எடுங்கள். நிலப்பரப்பின் பெரும்பகுதி ஒரே கண்டமாக இருப்பதால், கப்பல் நுட்பங்களுக்காகக் காத்திராமல் அண்டை நாட்டார் அனைவரையும் தரைவழியாகவே சென்று சந்திக்கலாம். கான்டினென்ட்ஸும் நல்ல வரைபடமே. ஆனால் அதில் சிலர் கடலுக்கு அப்பால் இருந்துகொண்டு, நீங்கள் அறியாமலேயே வெற்றியை நெருங்கிவிடுவார்கள்.

கேள்வி: அளவில் மிகச் சிறியதான டூயல் எளிதாக இருக்குமல்லவா?

பதில்: இருக்காது. எதிரி ஒருவர்தான் என்பதால் தூது, கூட்டணி, வணிகம் எதையும் ஒழுங்காகக் கற்க முடியாது. 74க்கு 46 கட்டங்கள் கொண்ட ஸ்மால் போதும். அதில் உங்களையும் சேர்த்து 6 நாடுகளும் 9 நகர அரசுகளும் (ஒரே நகரைக் கொண்ட சிறு அரசுகள்) இருக்கும்.

கேள்வி: தொடக்க இடத்திற்கு ‘லெஜண்டரி’ வைத்தும் தோற்றுவிட்டேன், ஐயா. ஏன்?

பதில்: அந்த வளமான இடம் உங்களுக்கு மட்டுமன்று, கணினி ஆடும் நாடுகளுக்கும் கிடைக்கிறது, பலரும் இதைக் கவனிப்பதில்லை. ‘பேலன்ஸ்டு’ வைத்துவிட்டு, முதல் நகரை எங்கே அமைக்கிறோம் என்பதில் கருத்தைச் செலுத்துங்கள். நகர் அமைக்கும் குழுவான செட்லரைத் தேர்ந்தெடுத்ததும் நிலம் நிறம் மாறும்: அடர்பச்சை நன்னீரையும், வெளிர்பச்சை கடற்கரையையும், சிவப்பு நகர் அமைக்க இயலாத இடத்தையும் குறிக்கும். நன்னீரருகே அமையும் நகருக்கு ஹவுசிங் (மக்கள் பெருக இடமளிக்கும் குடியிருப்பு அளவு) 5, கடற்கரையில் 3, இரண்டும் இல்லாத இடத்தில் வெறும் 2 என்பதால், ஆற்றங்கரைக்காக ஒரு டர்ன் (ஆட்டச் சுற்று) நடந்தாலும் நட்டமில்லை. உலகின் வயதை ‘நியூ’ என்று வைத்தால் குன்றுகளும் மலைகளும் கூடும். குன்று உற்பத்தியைக் கூட்டும் என்றாலும் படை நகர்வது மெதுவாகும் என்பதால், முதல் முறை அதையும் மழையளவையும் ஸ்டாண்டர்டிலேயே விட்டுவிடுவது என் வழக்கம்.

கேள்வி: எந்த நாட்டையும் சேராமல் தாக்கும் பார்பேரியன்கள் தொல்லை தாங்கவில்லை. அணைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மூன்று பார்பேரியன்களை வீழ்த்தினால் வெண்கல நுட்பத்திற்கான யுரேகா, அதாவது அதை விரைவில் கற்க உதவும் ஊக்கம், கிடைக்கும். அணைத்துவிட்டால் அந்த வழி அடைபடும். உங்கள் நகரைப் பார்த்துவிட்ட பார்பேரியன் ஸ்கவுட்டின் (வேவு வீரனின்) தலைமேல் சிவப்பு ஆச்சரியக்குறி தோன்றும். அது முகாமுக்குத் திரும்பும் முன் மறித்துக் கொன்றுவிட்டால் பெரும்படை உங்களைத் தேடி வராது.

கேள்வி: ஆட்ட வேகத்தை ‘மாரத்தான்’ என்று வைக்கலாமா?

பதில்: 1500 டர்ன்கள். முதல் ஆட்டத்திற்கு 500 டர்ன்கள் கொண்ட ஸ்டாண்டர்டே தாராளம்.

கேள்வி: தம்பியும் நானும் தனித்தனிக் கணினியில் ஒரே வரைபடத்தை ஆட முடியுமா?

பதில்: முடியும். கூடுதல் அமைப்புகளில் உள்ள மேப் சீட் எண்ணை (வரைபடம் உருவாக அடிப்படையான எண்) இருவரும் ஒன்றாக இடுங்கள். வரைபட வகை, அளவு போன்ற வரைபட அமைப்புகளில் ஒன்று மாறினாலும் வேறு நிலமே உருவாகும்.