சிலம்பம் தெரிந்த பையன் ஸ்டன்ட் மாஸ்டர் ஆகலாமா?

உசிலம்பட்டியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 19 வயது. பத்து வருடமாகச் சிலம்பம் ஆடுகிறான். மதுரையில் டிகிரி இரண்டாம் வருடம். படிப்பை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய்ச் சண்டை நடிகனாகி, அப்புறம் ஸ்டன்ட் மாஸ்டர் ஆவேன் என்கிறான். யூனியன் கார்டு வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். அனுப்பலாமா?"

அந்த ஆளுக்கு ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. யூனியன் கார்டு கொடுக்கும் ஸ்டன்ட் கலைஞர்களின் சங்கம் சென்னை வடபழனியில் இருக்கிறது. நேரில் போய் விதிமுறையைக் கேளுங்கள். கட்டுகிற பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

சரி, சிலம்பத்துக்கு வருவோம். பத்து வருடப் பயிற்சி பெரிய சொத்து. ஆனால் களத்தில் நல்ல அடி என்பது எதிராளி கண்ணுக்கே தெரியாமல் வந்து இறங்குவது. சினிமாவிலோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தெரிய வேண்டும். கேமரா, அடிப்பவரின் தோளுக்குப் பின்னால் நிற்கும். கை முகத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் போகும். வாங்குகிறவர் அதே நொடியில் தலையை வெட்டித் திருப்பி, தோளைச் சரித்து விழுந்தால்தான் திரையில் அது அடி. கொஞ்சம் பிந்தினாலும் இன்னொரு டேக். சண்டையை நம்ப வைப்பவர் பாதிக்கு மேல் அடி வாங்குகிறவர்தான். உங்கள் மகனுக்குக் கம்பு சுற்றத் தெரியும். விழத் தெரியுமா? அதற்கு ஜிம்னாஸ்டிக்ஸ் வேண்டும். மதுரையில் இருக்கும்போதே பல்டியும் உருளலும் கற்றுக்கொள்ளட்டும்.

ஜாக்கி சான் ஏழு வயதில் ஹாங்காங்கில் பாட்டும் சண்டையும் கலந்த சீன ஆபரா நாடகம் கற்பிக்கும் பள்ளியில் சேர்ந்து பத்து வருடம் குட்டிக்கரணம் போட்டவர். 1972, 73-இல் புரூஸ் லீ படங்களில் கூட்டத்தில் ஒருவராக அடி வாங்கினார். கதாநாயகனாக முதல் பெரிய வெற்றி 1978-இல்தான். அவரே சண்டை அமைக்கும் அளவுக்கு வளர்ந்ததற்கு, அடி வாங்கிய அந்த வருடங்களே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நம் ஊரிலும் பொன்னம்பலம் ஃபைட்டராக இருந்துதான் வில்லனானார். ஸ்டன்ட் மாஸ்டர்களான சில்வாவும் அனல் அரசும் படமே இயக்கிவிட்டார்கள்.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2025 ஜூலையில் நாகை மாவட்டத்தில் கார் கவிழும் காட்சியை எடுத்தபோது, அனுபவமுள்ள ஸ்டன்ட் கலைஞர் ஒருவர் இறந்தார். மாஸ்டரின் வேலையில் அழகாகச் சண்டை அமைப்பது ஒரு பங்குதான். கயிறு, விழுவதற்குப் போடும் பெட், வண்டியின் வேகம் என்று எல்லாவற்றையும் சரிபார்த்து, அத்தனை பேரையும் முழுசாக வீட்டுக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. இந்த வேலைக்கு வந்தால் காப்பீடு கட்டாயம். பாலிசி எடுக்கும்போது தொழிலை மறைக்க வேண்டாம், மறைத்தால் பிறகு கிளெய்ம் கிடைக்காது.

படிப்பை விடவே கூடாது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. போட்டிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போதைக்கு மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். நண்பன் ஒருவனோடு முப்பது நொடிச் சண்டையை அமைத்து, செல்போனில் எடுத்து, அவனே வெட்டி ஒட்டட்டும். அதில் அடி வாங்குவது அவனாக இருக்கட்டும். நாலைந்து முறை எடுத்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், டிகிரி முடிந்த கையோடு நீங்களும் அவனோடு வடபழனிக்கு ஒரு நடை போய் வாருங்கள்.