நாலு வயதுக் கைக்கு என்ன அவசரம்?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கட்டுரைகளை நீண்ட காலமாக வாசித்து வருகிறேன். நாங்கள் உரும்பிராயில் வசிக்கிறோம். கணவர் வவுனியாவில் வேலை செய்வதால் வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார். எங்களுக்கு ஆறு வயதில் ஒரு மகளும் நாலு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். தரம் 1இல் சேர்ந்து சில மாதங்களிலேயே மகள் காலையில் சீருடையைக் கண்டவுடன் வாந்தி எடுக்கத் தொடங்கினாள். உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே இப்போதைக்கு இருவருக்கும் வீட்டிலேயே கற்பிப்பது என முடிவெடுத்தோம்.

காலை எட்டு மணி முதல் பன்னிரண்டரை வரை நேர அட்டவணை போட்டிருக்கிறேன். தமிழ், கணிதம், சுற்றாடல், ஆங்கிலம், சைவசமயம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கொப்பி இருக்கிறது. மகள் சமாளிக்கிறாள். மகனுக்குத் தினமும் தமிழில் மூன்று பக்கம் எழுதக் கொடுக்கிறேன். தரம் 1 வயது வருவதற்குள் 247 எழுத்தையும் முடித்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். இரண்டாம் பக்கத்திலேயே கை நோகிறது என்று அழத் தொடங்கிவிடுகிறான். அதோடு இடக்கையால் எழுதுகிறான். மாமி பென்சிலைப் பறித்து வலக்கையில் கொடுப்பதும் அவன் மீண்டும் மாற்றுவதுமாகக் காலை கழிகிறது.

இருவருக்கும் ஒரே நேரத்தில் கற்பிக்க நேர அட்டவணையை எப்படி அமைக்கலாம்? பிற்காலத்தில் புலமைப்பரிசில் பரீட்சையில் பின்தங்கிவிடுவார்களா? சட்டப்படி இது சரியா? பிள்ளைகளை ஏன் வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் அயலவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கேள்விகளிற் சிலவற்றை விரைவாக முடித்துவிடுகிறேன். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைக்குக் கல்வி கட்டாயம். முன்னர் 14 ஆக இருந்த மேல் எல்லை 2016ஆம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்டது. எனவே மகளின் நிலையை விளக்கி வலயக் கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். பதிலையும் கடிதமாகவே பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். கதை எழுதுகிறவனிடம் சட்டம் கேட்பதை விட அது உங்களுக்குப் பயன்தரும். புலமைப்பரிசில் என்பது தரம் 5இல் வருகிற பரீட்சை. ஆறு வயதுக்காரியையும் நாலு வயதுக்காரனையும் வைத்துக்கொண்டு அதைப் பற்றிக் கேட்பதற்கு உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அயலவருக்குப் பதில் தேடி அலைய வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இப்படிக் கேட்பவர் பதிலுக்காக நிற்பதில்லை. கேட்ட செய்தியை அடுத்த படலையில் சொல்வதற்குப் புறப்பட்டுவிடுவார்.

இடக்கை விடயத்தில் பேச்சுக்கே இடமில்லை. அவனுடைய கை அது. மாமியிடம் நீங்கள் சொல்லத் தயங்கினால் கணவரைக் கொண்டு சொல்விக்கலாம். ஆனால் இந்த வார இறுதியைத் தாண்டவிடாதீர்கள்.

மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீருடையைக் கண்டு வாந்தி எடுக்கிற பிள்ளை அந்தச் சீருடைக்குள் எதையோ அனுபவித்திருக்கிறாள். அதை விசாரணை செய்வதுபோல் கேட்க வேண்டாம். தலைவாரும்போதோ நித்திரைக்கு முன்போ அவளாகச் சொல்ல வரும்வரை பக்கத்தில் இருங்கள். வீட்டிலே கற்பிக்கத் தீர்மானித்தது சரியா பிழையா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எடுத்த முடிவு அது. ஆனால் பாடசாலைக்கு அஞ்சிய பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்து, எட்டு மணி தொடக்கம் பன்னிரண்டரை வரை இன்னொரு பாடசாலையைத் திறந்திருக்கிறீர்களே, அது எனக்கு விளங்கவில்லை.

இனி அந்த மூன்று பக்கத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். கடந்த விஜயதசமியன்று கோயிலொன்றில் ஏடு தொடக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலிருந்து இந்த எண்ணம் என்னைத் தொந்தரவு செய்கிறது. தகப்பனின் மடியில் பிள்ளை இருக்கிறது. தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பியிருக்கிறது. குருக்கள் அதன் சுட்டுவிரலைப் பிடித்து அரிசியின் மேல் அகரம் எழுதுவிக்கிறார். பிள்ளை சிரிக்கிறது, ஒரு பிடி அரிசியை அள்ளுகிறது, எழுத்து அழிகிறது, ஒருவரும் கோபிப்பதில்லை. எழுத்தை ஒரு பிள்ளைக்கு அறிமுகம் செய்வதற்கு இதைவிடச் சிறந்த முறையை எவரும் கண்டுபிடித்ததாக நான் அறியவில்லை. அவ்வளவு அறிவான ஒரு சடங்கைச் செய்துவிட்டு, அடுத்த கிழமையே அந்தப் பிள்ளையின் கையில் பென்சிலையும் சதுரக் கொப்பியையும் திணித்து, கோட்டுக்கு வெளியே போகாதே என்று மிரட்டுகிற சமூகத்தை என்னவென்று சொல்வது? மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுவேலை கொடுக்காத முன்பள்ளியைப் பெற்றோர் மதிப்பதில்லை என்பதும், அந்தப் பெற்றோரைத் திருப்திப்படுத்துவதற்காகவே நல்ல முன்பள்ளி ஆசிரியைகள்கூடப் பக்கம் பக்கமாக எழுதுவிக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான்.

உங்கள் மகன் கை நோகிறது என்று சொல்லும்போது அவன் பொய் சொல்லவில்லை. வளர்ந்த மனிதரின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் இருக்கின்றன; பிறக்கும்போது அவை எலும்புகளே அல்ல, வெறும் குருத்தெலும்பு. அவை ஒவ்வொன்றாக ஆண்டுக்கணக்கில் இறுகி வந்து, கடைசி எலும்பு பத்துப் பன்னிரண்டு வயதளவில்தான் தோன்றும். நாலு வயதில் அந்த வேலை இடைநடுவில் நிற்கிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்ற மூன்றினாலும் பென்சிலைப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல் விரல்களை மட்டும் அசைக்கிற பிடியும் பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் நிலைப்படுகிறது. அதற்கு முன்னர் எழுதச் சொன்னால் பிள்ளை தோளிலிருந்து எழுதும், பென்சிலை முஷ்டியாற் பிடித்துத் தாளைக் கிழிக்கும், இரண்டாம் பக்கத்தில் அழும். அழுகையைப் பிடிவாதம் என்று நினைத்து நீங்கள் மூன்றாம் பக்கத்தையும் எழுதுவித்தால், அவனுக்குப் பழகுவது தமிழ் எழுத்தல்ல. பிழையான பிடி ஒன்றும், எழுத்தின் மீது ஒரு வெறுப்பும்.

விரல்கள் வலுப்பெறக் கொப்பி தேவையில்லை, உங்கள் குசினி போதும். முருங்கையிலையை ஈர்க்கிலிருந்து உருவ விடுங்கள். பயற்றிற் கல் பொறுக்கச் சொல்லுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் சேர்ந்து வேலை செய்கிற காரியம் அது. சின்ன வெங்காயத்தின் தோலை உரிக்கக் கொடுங்கள், கண் எரிகிறது என்றால் ஓடிவிடட்டும். கொழுக்கட்டை செய்கிற நாளில் மாவில் ஒரு பங்கை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். உள்ளே பயறும் சர்க்கரையும் வைத்து மடித்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மடிப்பு வைக்கிறோமே, அந்தக் கிள்ளலில் வேலை செய்கிற மூன்று விரல்களும் நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகிற அதே மூன்று விரல்கள்தான். அவன் செய்த கொழுக்கட்டை அவியும்போது வெடிக்கும். அதனை அவனுக்கே பரிமாறுங்கள்.

எழுத்துக்கு மணல். இதை நான் எந்தக் கல்வியியல் நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் போரினால் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது, எங்கள் குடும்பமும் கொடிகாமத்தில் ஒரு சொந்தக்காரரின் வளவிற் போய் ஒதுங்கியது. ஒரு வளவுக்குள் பல குடும்பங்கள். பொருளாதாரத் தடைக்காலம் ஆகையால் கொப்பியும் பென்சிலும் அருமையான பொருட்கள். இருந்தவற்றைப் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவிட்டோம். என் மகளையும் அவள் வயதுப் பிள்ளைகளையும் என் மாமியார் எடுத்துக்கொண்டார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆசிரியப் பயிற்சி எதுவும் பெற்றவரல்லர். தென்மராட்சியின் வெண்மணல் முற்றத்தை அவர் காலையில் ஈர்க்கு விளக்குமாற்றாற் கூட்டுவார். கூட்டிய முற்றத்தில் ஈர்க்குகள் இழுத்த வரிகள் நேர்நேராக விழுந்திருக்கும். அந்த வரிகளே பிள்ளைகளுக்குக் கோடு போட்ட தாள். பிள்ளைகள் குந்தியிருந்து விரலால் எழுதுவார்கள், பிடிக்கவில்லையென்றால் உள்ளங்கையால் அழிப்பார்கள், மீண்டும் எழுதுவார்கள். மாமியார் சரி என்றோ பிழை என்றோ அடையாளம் இட்டு நான் கண்டதில்லை. தன் விரலால் அதே எழுத்தைப் பக்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டு அப்பால் போய்விடுவார். சிறிது நேரத்தில் கோழிகள் வந்து முழுவதையும் கிளறிவிடும்.

அது பஞ்சத்தின் பள்ளிக்கூடம். அதனை அழகான காலம் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை; அந்த வளவில் வயிற்றுக்கில்லாத நாட்களும் இருந்தன. ஆனால் கொப்பி இல்லாத அந்த மாதங்களில் எழுதப் பழகிய பிள்ளைகளில் எவரும் எழுதுவதற்கு அஞ்சி அழுததில்லை என்பதை நான் கண்ணாற் கண்டேன். மணலில் பிழை தங்குவதில்லை. கொப்பியில் நேற்றைய பிழை இன்றைக்கும் இருக்கும், சிவப்பு மை அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கும், வார இறுதியில் வரும் அப்பாவுக்கு அதை எடுத்துக் காட்டவும் முடியும்.

இதில் என் மாமியார் புதிதாக எதையும் செய்யவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளை ஓலையையும் எழுத்தாணியையும் தொடுவதற்கு முன் மணலிலேதான் எழுதியது. 1789இல் சென்னையில் அனாதைச் சிறுவர் விடுதியொன்றைப் பொறுப்பேற்ற அண்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், நம்மவர் பள்ளிக்கூடம் ஒன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதே முறையைத் தம் விடுதியிலும் தொடங்க விரும்பினார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அவர் சளைக்காமல் எழுத்து வகுப்பை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் ஆசிரியர்களைவிட நன்றாகவே கற்பித்தான். 1797இல் லண்டனில் பெல் அதனை நூலாக வெளியிட, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கிற அந்த ஏற்பாடு மதராஸ் முறை என்ற பெயரோடு இங்கிலாந்தின் பள்ளிகளுக்குப் பரவியது. நாங்கள் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்களுடைய கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டோம். இருவருக்கும் ஒரே நேரத்தில் எப்படிக் கற்பிப்பது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? மகளைத் தம்பிக்கு மணலில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். பாடசாலையில் ஏதோ ஒரு காரணத்தாற் சுருங்கிப்போன அந்தப் பிள்ளைக்கும் வீட்டில் ஒரு பதவி கிடைக்கும்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்பதிலும் சற்றுக் கவனம் வேண்டும். ஏடு தொடக்கும்போது அகரம் எழுதியாயிற்று. சடங்குக்கு அது போதும். ஆனால் கைக்கு அகரம் இலகுவான எழுத்தல்ல. சிறிதாகச் சுழித்து, பெரிதாக வளைத்து, கிடையாக இழுத்து, பின்னர் நிமிர்ந்த கோடு ஒன்று போட வேண்டும். இகரம் அதைவிடச் சிரமமானது. மாறாக டகரத்துக்கு மேலிருந்து கீழே ஒரு கோடும் வலப்பக்கமாக ஒரு கோடும் போதும். அதனோடு மேலே ஏறுகிற ஒரு கோட்டைச் சேர்த்தால் பகரம். இன்னும் ஒரு வளைவைப் பழகினால் மகரம். இந்த மூன்றையும் ஒரு புள்ளியையும் வைத்துக்கொண்டு அவன் படம் என்றும் மடம் என்றும் பட்டம் என்றும் எழுதிவிடலாம். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய், வானத்தில் நிற்பதன் பெயரைக் கீழே மணலில் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

247 எழுத்தையும் முடிப்பது என்ற உங்கள் திட்டத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்பது இலக்கணக்காரருக்கான கணக்கு. அதனை ஒரு நாலு வயதுப் பிள்ளை கொப்பியில் வரிசையாக எழுதித் தீர்க்க வேண்டும் என்று எந்தப் புலவரும் விதி செய்யவில்லை. ஙகர வரிசையில் மெய்யைத் தவிர மற்றவை அவனுக்கு எதற்கு? அங்ஙனம் இங்ஙனம் என்று எழுதுகிற வயது வரும்போது அந்த ஒன்றையும் கற்றுக்கொள்வான். ஙௌ என்ற எழுத்தைப் போட்டு யாராவது யாருக்காவது ஒரு கடிதம் எழுதியதை நீங்கள் கண்டதுண்டா?

நேர அட்டவணையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. மகளுக்குக் காலையில் ஒரு மணித்தியாலம் வாசிப்பும் கணக்கும் போதும். அரசு கொடுக்கிற பாடநூலே தாராளம். அதற்குமேல் ஏதாவது செய்ய விரும்பினால் நீங்கள் ஒரு கதைப்புத்தகத்தை எடுத்து உரக்க வாசியுங்கள், இருவரும் கேட்கட்டும். மகனின் கொப்பிகள் எல்லாவற்றையும் அவனிடமிருந்து எடுத்துவிடுங்கள். எழுதாத பக்கங்களில் இருவரும் படம் கீறலாம். உரும்பிராய்ச் செம்மண் விரலில் ஒட்டும், எழுத்து நிற்காது. ஆகவே யாராவது வடமராட்சிப் பக்கமிருந்து வரும்போது ஒரு பை வெண்மணல் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை நன்றாகக் கழுவி, வெயிலிற் காயவைத்து, அரித்தெடுத்து, விளிம்புள்ள பழைய தாம்பாளமொன்றில் அரை விரலளவுக்குப் பரப்பினால் எழுத்து தெளிவாகத் தெரியும். பூனை வளர்க்கிற வீடாக இருந்தால் இரவில் அந்தத் தாம்பாளத்தைக் கட்டாயம் மூடிவையுங்கள்.